பம்பின் மேல் போட்ட பழி

கோபம் வந்தால் கிளெனிஸ் பாத்திரம் கழுவுவாள். அழுத்தித் தேய்த்து, அலசி, அடுக்கி முடிப்பதற்குள் பாதிக் கோபம் சாக்கடையோடு போய்விடும். முந்தாநாள் காலையிலிருந்து அதற்கும் வழியில்லாமல் போயிற்று. கழுவிக்கொண்டிருக்கும்போதே குழாய் இருமியது, ஒரு வாய் துப்பியது, நின்றுவிட்டது. தொட்டியில் கிடந்த தட்டுகள் இப்போது நாற ஆரம்பித்திருந்தன. வெளியே பிப்ரவரி மாதத்து உச்சக் கோடை வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது.

பம்பு நின்றால் மற்ற வீடுகளில் குளியல் போகும், துணி துவைப்பது போகும், நாலு ரோஜாச் செடி வாடும். இந்த வீட்டில் நெவில் போய்விடுவான்.

மகள் ட்ரூடி படுத்துறங்கிய அறையில் இப்போது டயாலிசிஸ் மெஷின் நிற்கிறது. நெவிலின் சிறுநீரகங்கள் இரண்டும் கையை விரித்த நாளிலிருந்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் அவன் அதன் பக்கத்து நாற்காலியில் ஐந்து மணி நேரம் சாய்ந்திருப்பான். அவன் இடது கையில் இரண்டு ஊசிகளை ஏற்றுகிறவள் கிளெனிஸ்தான். புருஷன் ரத்தத்தைக் கழுவ அந்த மெஷின் குடிக்கும் தண்ணீருக்கு ஒரு ஆட்டு மந்தையே தாகம் தீர்த்துக்கொள்ளும். அதுவும் விட்டுவிட்டு வந்தால் ஆகாது. ஒரே சீராக, ஒரே வேகத்தில் வரவேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் கத்த ஆரம்பித்துவிடும்.

நேற்று அவனுக்கு முறை. தண்ணீர் இல்லாததால் தவறிப்போயிற்று. இன்று காலை அவன் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது.

அடிலெய்டு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இன்னிக்குள்ள மெஷின்ல போடணும். முடியலன்னா ஆம்புலன்ஸ கூப்பிட்டு இங்க கொண்டு வந்துடுங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு உக்காந்திருக்காதீங்க."

"போகமாட்டேன்," என்றான் நெவில். நாற்காலியில் சாய்ந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த ஊர்ல, அந்த மெஷின் வரிசையில போய் திரும்பவும் உக்கார மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

"அப்ப என்ன செய்யப்போற? தண்ணி வர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு இருக்கப்போறியா?"

"எல்லாம் சரியாயிடும், கிளென்."

இந்த மல்லிப் பிரதேசத்து ஆண்களுக்கு — மல்லி என்றால் பூ இல்லை, பின்னரூ ஊர்ப் பக்கத்து மணல்மேடும் குட்டைப் புதரும் — இது ஒரு வியாதி. வீடு பற்றி எரிந்தாலும் சரியாயிடும். ஆடு செத்தாலும் சரியாயிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் கிளெனிஸுக்குக் காது புளித்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு பம்பு நின்றாலும் நெவிலைத்தான் கூப்பிடுவார்கள். காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டு பம்புக்கு ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டான்: "போய்ப் பார்த்தேன். போர்ல கீழ இருக்கிற மோட்டார் எரிஞ்சுபோச்சு. குழாயோட மேல தூக்கணும். ஆள் வேணும், கிரேன் வேணும். விடு."

விடுவாளா அவள்? ஊரில் பம்பு பார்க்கிறவருக்குப் போன் போட்டாள். அவர் மகள் கல்யாணத்துக்கு பாலித் தீவுக்குப் போயிருக்கிறாராம். ரென்மார்க் ஊரில் ஒருவன் அடுத்த வாரம்தான் என்றான். மழைத்தண்ணீர்த் தொட்டியில் அடிவண்டல்தான் மிச்சம். டீ போடவே வடிகட்ட வேண்டியிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் டார்சியின் வீட்டில் போர் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரின் உப்புக்கு ஆடுகூட முகம் சுளிக்கும்.

டார்சி! அந்தப் பெயரை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்தவன், கறி சுட்டுத் தின்றுவிட்டு, சும்மா போகாமல் பம்புக் கொட்டகைக்குள் புகுந்தான். பிரஷர் சுவிட்சின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த நட்டைத் திருகி, தண்ணீர் வேகத்தை ஏற்றிவிட்டுப் போனான். மோட்டார் அந்த வேகத்தை எட்ட முடியாமல் நிற்காமல் ஓடி ஓடி எரிந்துபோயிருக்கிறது. வேறென்ன? காலையிலேயே ட்ரூடிக்குப் போன் போட்டு, உன் சித்தப்பன் உன் அப்பாவைக் கொல்லப் பார்க்கிறான் என்று கொட்டித் தீர்த்தாள். நாட்டின் மறுகோடியில் கராத்தாவில் சுரங்க வேலையில் இருக்கிற அவள், தண்ணீர் வந்ததும் சொல்லும்மா, இல்லையென்றால் இன்றைக்கே விமானம் ஏறுகிறேன் என்று அழுதாள். மகள் அழுத கோபமும் சேர்ந்துகொள்ள, கிளெனிஸ் டார்சியையே நேரடியாகப் பிடித்தாள். போனில் அவள் சொன்னதை இங்கே முழுதாக எழுத முடியாது.

டார்சியின் வண்டி வாசல் கம்பிக்கேட்டை இடிக்காத குறையாக வந்து நின்றது. அவன் இறங்கின விதத்திலேயே கிளெனிஸுக்குத் தெரிந்துவிட்டது, இவனும் கோபத்தோடுதான் வந்திருக்கிறான் என்று. வரட்டும்.

"போன்ல என்னை என்னன்னு சொன்ன? இப்ப மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"கொலைகாரன்னு சொன்னேன். போதுமா, எழுதிக் குடுக்கட்டுமா?"

"அரை சுத்து, கிளெனிஸ்! அரை சுத்துதான் திருகினேன். ஷவர்ல தண்ணி சொட்டுது, நெவ் நின்னு குளிக்க முடியலன்னு புலம்புனது யாரு? நீதானே?"

"புலம்பினா கேட்டுட்டுப் போகவேண்டியதுதானே? உன்னைக் கையை வைக்கச் சொன்னேனா? நீ கை வெச்சது எதுடா உருப்பட்டிருக்கு? எங்க டிராக்டர் உருப்பட்டுச்சா? உன் கல்யாணம் உருப்பட்டுச்சா?"

டார்சியின் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. கடைசியில் சொன்னது அதிகம் என்று அவளுக்கே பட்டது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"அரை சுத்துல மோட்டார் எரியாது," என்றான் அவன், வார்த்தை வார்த்தையாக. "அந்த டேங்குல காத்து எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டுத்தான் திருகினேன். நான் ஓட்டிப் பார்த்தேன். நல்லா நின்னு நின்னுதான் ஓடுச்சு. எரிஞ்சுதுன்னு யாரு சொன்னா?"

"நெவ்."

"மீட்டர் வெச்சுப் பார்த்தானா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியுமா? பார்த்தேன்னான். அவன் சொன்னா போதாதா?"

"போதாது," என்று டார்சி வண்டியிலிருந்து கருவிப்பெட்டியை இழுத்தான். "என்னைக் கொலைகாரன்னு சொல்லிட்ட இல்ல? நானே பார்க்கிறேன். நீயும் வா. பக்கத்துல நின்னு பாரு. அப்புறம் நான் எதையாவது மறைச்சிட்டேன்னு சொல்லக்கூடாது."

கொட்டகைக்குள் அடுப்பில் நுழைந்த மாதிரி இருந்தது. டார்சி முதலில் மெயின் பெட்டியைப் பார்த்தான். ஃபியூஸ் போகவில்லை. "மோட்டார் எரிஞ்சா இது போயிருக்கணும்ல?" என்றான்.  பிறகு அழுத்தம் காட்டும் முள்ளைத் தட்டினான். பூஜ்யத்தில் படுத்திருந்தது. பிரஷர் டேங்கை மேலும் கீழுமாக விரல் கணுவால் தட்டினான். மேலிருந்து கீழ் வரை காலிச் சத்தம்.

"தண்ணி இல்ல. அப்ப சுவிட்ச் தானா பம்பைப் போட்டிருக்கணும். எறும்பு புகுந்திருக்கும், பாரு." சுவிட்ச் மூடியைக் கழற்றினான். இந்தப் பக்கத்தில் பாதிப் பம்புகள் நிற்பது எறும்பால்தான். சூட்டுக்கும் கரண்டுக்கும் ஆசைப்பட்டு உள்ளே ஏறி, நடுவில் நசுங்கிச் செத்து, கரண்ட் தொடவேண்டிய இடத்தைத் தொடவிடாமல் செய்துவிடும். அதற்காகவே எல்லோரும் மூடிக்குள் இரண்டு பாச்சை உருண்டை போட்டு வைப்பார்கள். உருண்டைகள் இருந்தன. எறும்பு ஒன்றுகூட இல்லை. இரண்டு செப்பு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருந்தன.

"இது வரைக்கும் கரண்ட் வருது," என்று டெஸ்டரை வைத்துக் காட்டினான் டார்சி. "பம்பை ஓடு ஓடுன்னுதான் இது சொல்லிட்டிருக்கு. நான் திருகின இடம் இதுதான். இதுல குத்தமில்ல. பார்த்துக்க."

"பார்த்தேன். அடுத்ததைப் பாரு."

"மன்னிச்சுக்கன்னு சொல்றது எப்ப?"

"தண்ணி வரட்டும், சொல்றேன்."

மீதியிருந்தது சுவரில் மாட்டிய ஸ்டார்ட்டர் பெட்டி மட்டும்தான். டார்சி மெயினை அணைத்துவிட்டு, அதன் நாலு திருகாணிகளையும் கழற்றி மூடியை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.  வாய் மூடி அறியாத ஆள் அவன்.

"என்ன? எரிஞ்சிருக்கா?"

அவன் ஒதுங்கி இடம் விட்டான். கிளெனிஸ் எட்டிப் பார்த்தாள். உள்ளே கரி இல்லை, புகை வாசனை இல்லை. மோட்டாருக்குக் கீழே இறங்கும் சிவப்புக் கம்பி மட்டும் அதன் இடத்தில் இல்லை. யாரோ அதைக் கழற்றி, ஓரமாக மடித்து, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். இரண்டு சுற்று. தெரியாமல் தொடுகிறவனுக்குக்கூட ஷாக் அடிக்காதபடி. டேப்பின் முனையைச் சின்னதாக மடித்தும் விட்டிருந்தார்கள், பிறகு வருகிறவன் நகத்தால் கீறாமல் சுலபமாக உரிக்கட்டும் என்று.

"இது நான் செஞ்சதில்ல," என்றான் டார்சி.

"நீ செஞ்சிருந்தா வீடே எரிஞ்சிருக்கும்." வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. மனசு வேறெங்கோ போய்விட்டது. டேப் முனையை மடித்துவிடுகிற ஆள் இந்த ஊரிலேயே ஒருவன்தான். நாற்பது வருஷமாக அதைச் சொல்லி எல்லோரும் அவனைக் கேலி செய்திருக்கிறார்கள்.

டார்சி மீட்டரின் இரண்டு முனைகளையும் மோட்டார்க் கம்பிகளில் வைத்தான். முள் துள்ளி எழுந்து நின்றது. "எரிஞ்சிருந்தா இது அசையாது. மோட்டார் நல்லா இருக்கு, கிளெனிஸ்." மீட்டரைக் கீழே வைத்தான். "நெவ் எப்ப வந்து பார்த்தான்?"

அவள் யோசித்தாள். முந்தாநாள் காலை அவள் குளித்துவிட்டு வெளியே வந்தபோது நெவில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைப் பக்கமிருந்து வந்தான். படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க பூட்ஸைக் கழற்றினான். பாவம், காற்று வாங்கப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். அப்போது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. டேங்கில் மிச்சமிருந்ததெல்லாம் தீர்ந்து, பாத்திரம் கழுவும்போதுதான் நின்றது. நின்ற பிறகு அவன் வீட்டை விட்டு வெளியே கால் வைக்கவேயில்லை. அப்படியென்றால் எதைப் போய்ப் பார்த்தான்?

"கம்பியை மாட்டாத. நான் வந்து சொல்ற வரைக்கும் தொடாத," என்றாள் அவள். டேப்பை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டாள். நிஜமாகவே ஒரே இழுப்பில் வந்தது. அதுவே அவளைக் கொதிக்க வைத்தது.

நெவில் அதே நாற்காலியில், அதே ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். டேப்பை அவன் மடியில் எறிந்தாள்.

அவன் குனிந்து பார்த்தான்.  "டார்சி கண்டுபிடிச்சானா?"

"பாவி! நீ கேக்குற கேள்வி இதுதானா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன், கிளென்."

"எப்ப? உன்னைப் புதைக்கிறப்பவா?"

அவன் இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டான். ஊசி ஏறி ஏறித் தடித்துப்போன கை. "என்னால முடியல. மெஷின்ல இருக்கிற அன்னிக்குப் பொணம். இல்லாத அன்னிக்கு, நாளைக்கு மெஷினாச்சேன்னு பொணம். ஒரு வாய் தண்ணி ஆசைக்குக் குடிக்க முடியல. ஒரு தக்காளி திங்க முடியல. இது வாழ்க்கையா சொல்லு."

"இதையெல்லாம் எனக்கு நீ சொல்லணுமா? உன் கையில குத்துறது யாரு? நீ வாந்தி எடுக்கிறப்ப தலையைப் பிடிக்கிறது யாரு?"

"அதனாலதான். நிறுத்திக்கறேன்னு நான் சொன்னா நீ விடமாட்ட. விட்டாலும், சரி போன்னு நீ சொன்ன மாதிரி ஆயிடும். அந்தப் பாவம் உனக்கு எதுக்கு? பம்பு நின்னு போச்சு, ஆள் கிடைக்கல, நான் அடிலெய்டுக்கு வரமாட்டேன்னுட்டேன். அதோட முடிஞ்சுது. யாரும் யாரையும் கேக்கவேண்டியதில்ல. யார் மேலயும் பழி இல்ல."

கிளெனிஸ் அவனையே பார்த்தாள். இந்த மனுஷன் நிஜமாகவே தனக்கு ஒரு நன்மை செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறான் என்பது புரிந்ததும், அதுவரை வந்த கோபமெல்லாம் இப்போது வந்த கோபத்தின் முன் ஒன்றுமே இல்லை என்று ஆயிற்று.

"பழி இல்லையா? யாரு சொன்னா? அந்த பம்பை ஒருநாள் முன்னாடி சரி பண்ணியிருந்தா என் புருஷன் இருந்திருப்பானேன்னு நான் சாகுற வரைக்கும் நெனச்சு நெனச்சு மருகியிருப்பேன், தெரியுமா? இன்னும் ஒருத்தனுக்குப் போன் போட்டிருக்கலாமே, உன்னைக் கட்டித் தூக்கியாவது வண்டியில போட்டிருக்கலாமேன்னு. குழாயைத் திறக்கிறப்பல்லாம் அதுதான் ஞாபகம் வந்திருக்கும். அதைத்தான் எனக்கு வெச்சிட்டுப் போகப் பார்த்த."

நெவில் மடியில் கிடந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றினான். 

"உன் தம்பி? அவனை நான் கொலைகாரன்னு சொல்லிட்டேன், நெவ். போன்ல, கத்தி. அவன் திருகினதாலதான் எரிஞ்சுதுன்னு நான் திட்டினதை நீ இங்க உக்காந்து கேட்டுட்டுதானே இருந்த? இல்லடி, அவன் இல்லன்னு உன் வாயில வந்துச்சா? நீ செத்திருந்தா, அண்ணனைக் கொன்னுட்டோம்னு அவன் வாழ்நாள் பூரா குடிச்சே செத்திருப்பான். உன் பொண்ணு அவன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டா. டேப்பை ரெண்டு சுத்து சுத்தத் தெரியுது, யாருக்கும் ஷாக் அடிக்கக்கூடாதுன்னு தெரியுது, இது தெரியலையா உனக்கு?"

"தெரியல," என்றான் அவன். "சத்தியமா அதை நான் நெனைக்கல, கிளென்."

வாசல்பக்கம் ஏதோ உரசியது. டார்சி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ.  "அடப் பாவி, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா," என்று மட்டும் சொன்னான். நெவில் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் கண்ணெதிரே ஒருவர் அழுததில்லை. இப்போது அழுதார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

கிளெனிஸ் அழவில்லை. அவளுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"சொல்லு," என்றாள். "பம்பைக் கொண்டு சொல்லாம உன் வாயால சொல்லு. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "இதை நிறுத்திக்கறேன், கிளென். போதும் எனக்கு."

கேட்டுவிட்டாள்.  கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விடமாட்டேன் என்று கத்த வாய் வந்தது. அவன் கையைப் பார்த்தாள், கணுக்காலைப் பார்த்தாள். வந்ததை விழுங்கினாள். அதை விழுங்கியதுதான் அன்றைக்கு அவள் செய்ததிலேயே பெரிய காரியம்.

"சரி," என்றாள். "எனக்குக் காது கேட்டுடுச்சு. ஆனா இன்னிக்கு இல்ல. இப்படி, திருடன் மாதிரி இல்ல. நர்ஸ்கிட்ட சொல்லணும், டாக்டர்கிட்ட பேசணும். ட்ரூடி வரணும், உன்னைப் பார்க்கணும், உன்னைத் திட்டணும். அவ திட்டி முடிக்கிற வரைக்கும் நீ உயிரோட இருந்தாகணும். அதுக்கு ரத்தம் சுத்தமா இருக்கணும். புரியுதா?"

"புரியுது."

"டார்சி, போய்க் கம்பியை மாட்டு. உன்னைச் சொன்னதெல்லாம் தப்பு. எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "டிராக்டரைத் தவிர," என்றாள்.

டார்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் குழாய்கள் சுவருக்குள் கடகடவென்றன. சமையலறைக் குழாயைத் திறந்து, காற்றும் கலங்கலும் போகும் வரை விட்டாள். தெளிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினாள். மெஷினைப் போட்டாள். அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, தண்ணீர் போதும் என்று பச்சை விளக்கைக் காட்டும் வரை மூவரும் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஊசிகளை எடுத்தாள். இரண்டும் ஒரே தடவையில் ஏறின. சிவப்புக் குழாய் நிறைந்து ஓடத் தொடங்கியது.

"ட்ரூடிக்கு யாரு சொல்றது?" என்று நெவில் மெல்லக் கேட்டான். அவள் சொல்லட்டும் என்கிற ஆசை அந்தக் குரலில் அப்பட்டமாக இருந்தது.

"நீதான். அஞ்சு மணி நேரம் எழுந்து ஓட முடியாது உன்னால." போனில் எண்ணை அழுத்தி, அவனுடைய வலது கையில் திணித்தாள். அவன் கெஞ்சுவது போல அவளைப் பார்த்தான். அவள் நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் மகள். "அப்பா! என்னப்பா, தண்ணி வந்துடுச்சா? சித்தப்பா சரி பண்ணிட்டாரா?"

"வந்துடுச்சு," என்றான் நெவில்.  கிளெனிஸ் அவன் முட்டியில் கையை வைத்து அழுத்தினாள், வலிக்கும்படியாகவே.

"பம்புல ஒண்ணும் இல்லம்மா," என்றான் அவன். "நான்தான் நிறுத்தினேன்."